மின்னஞ்சலின் தபால் முத்திரைகள்: வணிகர்களுக்கு ஒரு பாடம்

வாணிகத்தின் பாதி கடிதத்தில் நடக்கிறது. சரக்குக்கு ஆர்டர் கொடுப்பதும், விலை விசாரிப்பதும், பில் அனுப்புவதும், பணம் வந்து சேர்ந்ததென ஒப்புக்கொள்வதும் எழுத்தின் மூலமாகவே நடைபெறுகின்றன. முன்னர் அந்த எழுத்து கப்பல் தபாலில் வந்தது. இன்று மின்னஞ்சலில் வருகிறது. வாகனம் மாறியதே ஒழியக் காரியம் மாறவில்லை.

தபாலில் கடிதம் வந்த காலத்தில், அனுபவமுள்ள கணக்கப்பிள்ளை முதலில் உறையைத் திருப்பிப் பார்ப்பார். தபால்தலை எந்த நாட்டினது, முத்திரை எந்த ஊருடையது, தேதி என்ன என்று கண்டுகொண்ட பின்னரே உறையைக் கிழிப்பார். நாகப்பட்டினத்திலிருந்து வரவேண்டிய கடிதத்தில் வேறோர் ஊரின் முத்திரை இருந்தால், முதலாளியிடம் சொல்லாமல் இருக்கமாட்டார். மின்னஞ்சலுக்கும் அத்தகைய உறை உண்டு. அதன்மேல் முத்திரைகளும் உண்டு. ஆனால் அவை கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டிருப்பதால், இருப்பதையே பலர் அறியார்.

அந்த உறைக்கு ஆங்கிலத்தில் ஹெட்டர் என்று பெயர். இக்கட்டுரையில் அதைத் தலைக்குறிப்பு என்று வழங்குவோம். அதை எவ்வாறு வெளிக்கொணர்வது, எவ்வாறு படிப்பது, பொய்யஞ்சல் என்று தெரிந்தால் யாரிடம் புகார் செய்வது என்னும் மூன்றையும் இங்கே முறையாக எடுத்துரைக்க முயல்கிறோம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மட்டுமே உரிய வித்தை என்று எவரும் ஒதுங்க வேண்டாம். பேரேடு படிக்கத் தெரிந்தவருக்கு இது கடினமன்று.

பொய் விலாசம் எழுத முடிவது ஏன்?

மின்னஞ்சலைத் திறந்தவுடன் மேலே அனுப்பியவர் பெயரும் விலாசமும் தெரிகின்றன. ஆங்கிலத்தில் ஃப்ரம் என்று குறிக்கப்படும் வரி அது. பெரும்பாலோர் அதைப் பார்த்ததும் நம்பிவிடுகின்றனர். அந்த வரியை எழுதுபவர் அனுப்புகிறவரே என்பதைக் கவனிக்க வேண்டும். கடித உறையின் பின்புறம் நாம் எந்தப் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்பதில்லை அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

இப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. மின்னஞ்சல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் செல்வதற்கான விதிகளை ஜோனதன் போஸ்டல் என்ற அமெரிக்க அறிஞர் 1982-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அன்று அந்த வலை, ஆராய்ச்சிக் கூடங்களையும் பல்கலைக்கழகங்களையும் இணைக்கும் சிறிய வலையாகவே இருந்தது. ஒருவரை ஒருவர் அறிந்தவர்களே அதில் எழுதிக்கொண்டனர். ஆகவே அனுப்புகிறவர் உண்மையில் அவர்தாமா என்று சோதிக்கும் ஏற்பாடு அந்த விதிகளில் சேர்க்கப்படவில்லை. அந்த அடித்தளத்தின் மேல்தான் இன்று உலக வாணிகமே நடக்கிறது.

கேளாமலே பலருக்கும் அனுப்பப்படும் குப்பை அஞ்சலுக்கு ஸ்பேம் என்று பெயர். அதன் தொடக்கம் இதற்கும் முந்தியது. 1978-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி, அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைப் பகுதியைச் சேர்ந்த கேரி தர்க் என்பவர், தம் கம்பெனியின் புதிய இயந்திரங்களை விளம்பரப்படுத்தி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே அஞ்சலை அனுப்பினார். அதையே முதல் குப்பை அஞ்சல் என்பர். அவர் தம் சொந்தப் பெயரில்தான் அனுப்பினார். இன்று வருவனவோ பெரும்பாலும் பிறர் பெயரில் வருகின்றன. விளம்பரக் குப்பை நம் நேரத்தை மட்டும் தின்னும். பிறர் பெயரில் வரும் பொய்யஞ்சல் நம் முதலையே தின்றுவிடும்.

உறையை வெளிக்கொணரும் வழி

முழுத் தலைக்குறிப்பைக் கைத்தொலைபேசியில் பார்ப்பது எளிதன்று. கடையிலுள்ள கம்ப்யூட்டரில் அஞ்சலைத் திறந்துகொள்ளுங்கள்.

ஜிமெயில் உபயோகிப்பவர்கள், அஞ்சலின் வலப்பக்க மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ஷோ ஒரிஜினல் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாஹூவில் மூன்று புள்ளிகளை அழுத்தி வியூ ரா மெஸேஜ் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். வலைவழி அவுட்லுக்கில் மூன்று புள்ளிகள், பிறகு வியூ, பிறகு வியூ மெஸேஜ் சோர்ஸ். கம்ப்யூட்டரில் பதித்த பழைய அவுட்லுக்கில், அஞ்சலைத் தனி ஜன்னலில் திறந்து, ஃபைல், பிறகு ப்ராபர்ட்டீஸ் என்று சென்றால், கீழே இன்டர்நெட் ஹெட்டர்ஸ் என்னும் கட்டத்தில் காணலாம்.

திறந்தவுடன் வரி வரியாக ஆங்கிலமும் எண்களும் கொட்டிக் கிடக்கும். மிரள வேண்டாம். அவற்றில் நமக்கு வேண்டியவை நான்கைந்து வரிகளே.

முத்திரைகளைப் படிக்கும் முறை

முதலில் ரிஸீவ்டு என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். இவையே தபால் முத்திரைகள். ஓர் அஞ்சல் எத்தனை சர்வர்களைக் கடந்து வந்ததோ, அத்தனை சர்வர்களும் தத்தம் முத்திரையைக் குத்தி அனுப்புகின்றன. ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை முன்னிருந்தவற்றின் மேலே சேர்க்கிறது. ஆகையால் எல்லாவற்றிற்கும் மேலே இருப்பது கடைசியாகக் குத்தியது. அது நம்முடைய அஞ்சல் நிறுவனத்தின் முத்திரை. எல்லாவற்றிற்கும் கீழே இருப்பது அஞ்சல் புறப்பட்ட இடத்தின் முத்திரை என்று சொல்லிக்கொள்வது.

சொல்லிக்கொள்வது என்று நாம் எழுதியதற்குக் காரணம் உண்டு. கீழிருந்து படித்தால் புறப்பட்ட இடம் தெரியும் என்று சிலர் சொல்வர். நேர்மையான அஞ்சலுக்கு அது சரியே. வஞ்சகன் அனுப்பிய அஞ்சலுக்கு அது பொருந்தாது. அவன் அனுப்பும்போதே இரண்டு மூன்று பொய் முத்திரைகளை அடியில் தானே எழுதிவைக்க முடியும். ஆனால் நம்முடைய அஞ்சல் நிறுவனம் குத்தும் முத்திரையில் அவன் கைவைக்க முடியாது. எனவே மேலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் படிக்க வேண்டும். நம்பத்தக்க முத்திரை எதுவரை செல்கிறதோ அதுவரை சென்று நின்றுவிட வேண்டும்.

ஒரு முத்திரையில் என்ன இருக்கும்? ஃப்ரம் என்னும் சொல்லுக்குப் பின், அஞ்சலைக் கொண்டுவந்து கொடுத்த சர்வர் தன் பெயர் இன்னதென்று கூறியது இருக்கும். இது வந்தவன் சொன்ன பெயர். ஆகவே பொய்யாக இருக்கலாம். அதையடுத்துச் சதுர அடைப்புக்குள் புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்கள் இருக்கும். இதற்கு ஐ.பி. எண் என்று பெயர். இது வாசலில் நின்ற காவலாளி தன் கண்ணால் கண்டு எழுதியது, வந்தவன் சொன்னதன்று. பை என்னும் சொல்லுக்குப் பின் பெற்றுக்கொண்ட சர்வரின் பெயரும், கடைசியில் தேதியும் நேரமும் இருக்கும்.

மேலே உள்ள ஓரிரு முத்திரைகள் நம் அஞ்சல் நிறுவனத்தின் உள்ளறைகளுக்குள்ளேயே நடந்த மாற்றங்களாக இருக்கக்கூடும். 10 என்று தொடங்கும் எண்களும், 192.168 என்று தொடங்கும் எண்களும் உள்ளறை எண்களே. அவை வெளியுலகில் வழங்குவதில்லை. அவற்றைக் கடந்து, வெளியாரிடமிருந்து நம் நிறுவனம் முதன்முதலில் அஞ்சலைப் பெற்றுக்கொண்ட முத்திரையைக் கண்டுபிடியுங்கள். அதில் சதுர அடைப்புக்குள் இருக்கும் ஐ.பி. எண்ணே நமக்கு வேண்டிய சாட்சி. அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பார்ப்பதும் பயனுள்ளது. நேரத்தின் பக்கத்தில் கூட்டல் அல்லது கழித்தல் குறியுடன் நான்கு இலக்கங்கள் இருக்கும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் +0800; இந்தியாவுக்கும் இலங்கைக்கும் +0530. நம் காலை மணி 10.15 என்றால் சென்னையில் காலை மணி 7.45. முத்திரைகளின் நேரங்களை ஒரே கணக்குக்குக் கொண்டுவந்து பார்த்தால், கீழிருந்து மேலே செல்லச் செல்ல நேரம் கூடிக்கொண்டே வர வேண்டும். கீழுள்ள முத்திரை மேலுள்ளதைக் காட்டிலும் பல மணி நேரம் பிந்தியதாக இருந்தால், அது பின்னால் எழுதிச் சேர்த்த பொய் முத்திரையாக இருக்கலாம். அதே போல, கீழ் முத்திரையில் பெற்றுக்கொண்டவராக இருக்கும் சர்வரே அடுத்த மேல் முத்திரையில் கொடுத்தவராக இருக்க வேண்டும். சங்கிலி அறுந்த இடத்திற்குக் கீழே உள்ளதை நம்புவதற்கில்லை.

மூன்று சோதனைகளின் முடிவு

விதிகளிலிருந்த குறையை நிரப்பப் பிற்காலத்தில் மூன்று ஏற்பாடுகள் வந்தன. அவற்றின் முடிவை, ஆதென்டிகேஷன் ரிசல்ட்ஸ் என்று தொடங்கும் வரியில் நம் அஞ்சல் நிறுவனமே எழுதிவைக்கிறது.

முதலாவது எஸ்.பி.எஃப். ஒரு கம்பெனி, தன் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சர்வர்கள் இன்னின்னவை என்று பொதுவில் ஒரு ஜாபிதாவை வெளியிட்டு வைக்கிறது. வந்த சர்வர் அந்த ஜாபிதாவில் உண்டா என்பதே சோதனை. இரண்டாவது டி.கே.ஐ.எம். இது அரக்கு முத்திரையைப் போன்றது. வழியில் எவரேனும் கடிதத்தைத் திருத்தினால் முத்திரை உடைந்துவிடும். மூன்றாவது டிமார்க். முன்னிரண்டில் ஒன்றிலேனும் தேறிய பெயர், ஃப்ரம் வரியில் நம் கண்ணுக்குத் தெரியும் பெயரோடு பொருந்துகிறதா என்று இது பார்க்கிறது. பொருந்தாவிட்டால் அஞ்சலை என்ன செய்வது என்பதையும் அந்தப் பெயருக்குரியவரே முன்கூட்டி அறிவித்து வைக்கலாம்.

பாஸ் என்றிருந்தால் தேறியது. ஃபெயில் என்றிருந்தால் தவறியது. நன் என்றிருந்தால் சோதிக்க அங்கு ஏதுமில்லை. ஜிமெயிலில் ஷோ ஒரிஜினல் பக்கத்தின் உச்சியிலேயே இம்மூன்றின் முடிவும் சிறு அட்டவணையாகத் தெரியும்.

ஓர் உதாரணம்

கற்பனையாக ஓர் உதாரணம் கொள்வோம். நம் வணிகர் ஒருவர் சென்னையிலிருந்து மிளகாயும் பருப்பும் தருவிக்கிறார். பத்து வருடப் பழக்கம். சரக்குக்கான 18,400 வெள்ளியை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். புதன்கிழமை ஓர் அஞ்சல் வருகிறது: “எங்கள் பாங்கிக் கணக்கில் தணிக்கை நடைபெறுவதால், இம்முறை பணத்தைக் கீழ்க்கண்ட புதிய கணக்கில் செலுத்தக் கோருகிறோம். அவசரம்.” பெயர் சரி, விலாசம் சரி, பில் நம்பரும் சரி.

கிராணி தலைக்குறிப்பைத் திறக்கிறார். ஃப்ரம் வரியில் சென்னை வியாபாரியின் விலாசமே இருக்கிறது. ஆனால் ரிப்ளை டு என்னும் வரியில், இனாமாகக் கிடைக்கும் வேறொரு அஞ்சல் விலாசம் இருக்கிறது. பதில் எழுதினால் அது சென்னைக்குப் போகாது. அந்த விலாசத்திற்கே போகும். நம் நிறுவனம் குத்திய முத்திரையில் 203.0.113.45 என்ற எண் காணப்படுகிறது. இந்த எண் இத்தகைய பாடங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது; இதற்கு உரியவர் எவருமில்லை. அந்த வியாபாரியின் பழைய அஞ்சல் ஒன்றையும் எடுத்து ஒப்பிட்டால், அதன் முத்திரையில் முற்றிலும் வேறான சர்வரும் எண்ணும் உள்ளன. எஸ்.பி.எஃப். ஃபெயில், டி.கே.ஐ.எம். நன்; டிமார்க் ஃபெயில். பொய்யஞ்சல் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

பழைய அஞ்சலோடு ஒப்பிடுவதே இதில் சிறந்த உபாயம். சந்தேகமில்லாத அஞ்சல் ஒன்றின் தலைக்குறிப்பை, நாம் பணம் அனுப்பும் ஒவ்வொரு வியாபாரிக்கும் அச்சடித்துக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. பாங்கியில் மாதிரிக் கையெழுத்து வைத்திருப்பது போல அது பயன்படும்.

தலைக்குறிப்பு காட்டாதவை

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே. மூன்று சோதனையும் தேறிவிட்டது என்பதாலேயே அஞ்சல் உண்மையானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பொய்யஞ்சல் மூன்று வேடங்களில் வருகிறது.

முதல் வேடம், மேலே சொன்னபடி பிறர் விலாசத்தை அப்படியே எழுதிக்கொள்வது. தலைக்குறிப்பு இதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது வேடம், ஏறத்தாழ ஒரே மாதிரியான பெயரைப் பதிவு செய்துகொள்வது. ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் ஆர், என் என்ற இரண்டையும் நெருக்கி எழுதினால் எம் என்பது போலத் தோன்றும். எல் என்ற எழுத்தின் இடத்தில் ஒன்று என்ற இலக்கத்தை வைத்தாலும் கண் ஏமாறும். அந்தப் பெயர் அவனுடைய சொந்தப் பெயராகையால் மூன்று சோதனையும் பாஸ் என்றே வரும். இங்கே முத்திரையைவிடப் பெயரை எழுத்தெழுத்தாகப் படிப்பதே காப்பு.

மூன்றாவது வேடம் மிகவும் கொடியது. வியாபாரியின் அஞ்சற்பெட்டியின் சாவியையே வஞ்சகன் திருடிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து எழுதுகிறான். விலாசம் உண்மை, சர்வர் உண்மை, முத்திரைகள் உண்மை, சோதனைகள் யாவும் பாஸ். பழைய கடிதங்களைப் படித்து வைத்திருப்பதால் பில் நம்பரும், நாம் விளிக்கும் முறையும்கூட அவனுக்குத் தெரியும். இதைத் தலைக்குறிப்பால் கண்டுபிடிக்க இயலாது.

ஆகவே பணத்தைப் பொறுத்தவரை ஒரே விதி: கணக்கு எண் மாறியது என்று எந்த அஞ்சல் வந்தாலும், ஏற்கெனவே நம் புத்தகத்தில் உள்ள டெலிபோன் நம்பரில் கூப்பிட்டு, பழகிய குரலைக் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு காசும் அனுப்பக் கூடாது. அந்த அஞ்சலிலேயே கொடுத்திருக்கும் நம்பரில் கூப்பிடுவது, திருடனிடமே சாட்சி கேட்பதாகும். இதில் வியாபாரி மனவருத்தம் கொள்ள இடமில்லை. அவருடைய பணத்தைத்தான் நாம் காக்கிறோம்.

யாரிடம் புகார் செய்வது?

பொய்யஞ்சலைக் கண்டதும் அழித்துவிட்டு நிம்மதி அடைவோர் பலர். நம் கடை தப்பியது. ஆனால் அதே அஞ்சல் அடுத்த கடைக்கும் போயிருக்கும். புகார் செய்வதால் அந்தக் கணக்கு மூடப்பட வழி பிறக்கிறது.

முதலில் ஒன்றை நினைவில் வையுங்கள். ஃப்ரம் வரியில் பெயர் உள்ளவரைத் திட்டி எழுதாதீர்கள். அவர் பெரும்பாலும் ஒரு பாவமும் அறியாதவர். சில சமயம் நம் விலாசத்திலிருந்தே நமக்கு அஞ்சல் வரும். நம் பெட்டி திருட்டுப்போயிற்றோ என்று பதறுவோர் உண்டு. முத்திரையைப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

அடுத்து, குறித்துவைத்த ஐ.பி. எண்ணுக்கு உரிய நிறுவனத்தைக் கண்டறிய வேண்டும். உலகத்து ஐ.பி. எண்களை ஐந்து பதிவகங்கள் பிரித்து வழங்குகின்றன. நம் ஆசிய பசிபிக் பகுதிக்குரியது ஏப்னிக். அது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் உள்ளது. அதன் வலைத்தளத்தில் ஹூயிஸ் என்னும் தேடுகட்டத்தில் எண்ணை இட்டால், அந்த எண்ணை வைத்திருக்கும் நிறுவனமும், புகாருக்கான விலாசமும் தெரியவரும். எண் வேறு கண்டத்துக்குரியதானால், எந்தப் பதிவகத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அதுவே காட்டும். இத்தகைய புகார்களைப் பெறுவதற்கு அப்யூஸ் என்று தொடங்கும் அஞ்சல் விலாசத்தை வைத்துக்கொள்ளும் வழக்கம் 1997-ஆம் ஆண்டிலேயே விதியாக எழுதப்பட்டுள்ளது.

இங்கே தெரிய வருவது நிறுவனமே அன்றி மனிதன் அல்லன். ஐ.பி. எண் ஒருவனுடைய வீட்டு நம்பர் அன்று. அந்த எண்ணில் அந்த மணிக்கு இருந்தவர் யார் என்பது நிறுவனத்தின் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கும். அதைக் கேட்டுப் பெறும் அதிகாரம் போலீசுக்குரியது. மேலும் அந்த எண், கெட்ட நிரல் புகுந்துவிட்ட யாரோ ஓர் அப்பாவியின் கம்ப்யூட்டராகவும் இருக்கலாம். ஆகையால் புகாரில் எவரையும் குற்றவாளி என்று எழுதாமல், நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

புகாரில் இருக்க வேண்டியவை: ஐ.பி. எண், அஞ்சல் வந்த தேதியும் நேரமும், +0800 என்ற குறிப்போடு, முழுத் தலைக்குறிப்பு, அஞ்சலின் வாசகம். இரண்டே வரியில் விஷயத்தைச் சொன்னால் போதும். அஞ்சலைச் சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் பழைய உறை கழன்று நம் உறை ஏறிவிடும், சாட்சியம் போய்விடும். ஆகையால் ஃபார்வர்டு அஸ் அட்டாச்மென்ட் என்ற முறையில் இணைப்பாகவே அனுப்ப வேண்டும். குறிப்பேடுகளை எந்த நிறுவனமும் என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. எனவே அன்றே அனுப்புவது சிறந்தது.

இவ்வளவு வேலையும் செய்ய நேரமில்லாதவர்களுக்கு ஸ்பேம்காப் என்னும் சேவை உண்டு. ஜூலியன் ஹெய்ட் என்ற அமெரிக்கர் 1998-இல் தொடங்கியது. முழுத் தலைக்குறிப்போடு அஞ்சலை அதில் இட்டால், முத்திரைகளைத் தானே படித்து, உரிய நிறுவனத்துக்குப் புகாரைத் தயாரித்துக் கொடுக்கும். அனுப்பும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இதுவும் முடியாதவர்கள், தம் அஞ்சற்பெட்டியில் உள்ள ரிப்போர்ட் ஸ்பேம், ரிப்போர்ட் ஃபிஷிங் என்னும் பொத்தான்களையாவது அழுத்துங்கள். அதுவும் வீண்போவதில்லை.

ஒரே மாதிரியான பெயரைப் பதிவு செய்து ஏமாற்றும் இரண்டாவது வேடத்தில், அந்தப் பெயரைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனத்திடமும் புகார் செய்யலாம். அதையும் ஹூயிஸ் தேடலில் காணலாம்.

முன்பின் தெரியாத குப்பை அஞ்சலில் உள்ள இணைப்புகளையும், இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் பொத்தானையும் தொட வேண்டாம். இந்த விலாசத்தில் ஆள் இருக்கிறார் என்பதை நாமே அவனுக்கு அறிவிப்பதாக முடியும். பெயர் தெரிந்த நல்ல கம்பெனிகளின் விளம்பரங்களுக்கு மட்டுமே அந்தப் பொத்தான் தகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம் 2007-ஆம் ஆண்டில் வந்தது. ஒரே விஷயத்தைப் பற்றி 24 மணி நேரத்தில் 100-க்கு மேலோ, 30 நாட்களில் 1,000-க்கு மேலோ, ஓராண்டில் 10,000-க்கு மேலோ அனுப்பினால் அது மொத்த அஞ்சல் எனப்படும். கேளாமல் அனுப்பும் அத்தகைய விளம்பர அஞ்சலின் தலைப்பில் விளம்பரம் என்பதைக் குறிக்கும் ஏ.டி.வி. என்ற மூன்றெழுத்து இருக்க வேண்டும். வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். தலைக்குறிப்பு பொய்யாகவோ தவறாக வழிகாட்டுவதாகவோ இருக்கக் கூடாது. மீறியவர் மீது, நஷ்டமடைந்தவர் சிவில் கோர்ட்டில் வழக்குத் தொடரலாம். அஞ்சல் ஒன்றுக்கு 25 வெள்ளி வரையிலும், மொத்தத்தில் 10 லட்சம் வெள்ளி வரையிலும் சட்டப்படியான நஷ்ட ஈடு விதிக்க இடமுண்டு. விற்பனைச் சலுகைகளை அஞ்சலில் அனுப்பும் நம் கடைக்காரர்களும் இதை அறிந்திருப்பது அவசியம்.

மலேசியாவில் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998-இன்படி, வலையைத் தீய நோக்கத்துக்குப் பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது. ஏமாற்றிப் பொருள் பறிப்பது இரு நாடுகளிலும் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவில் வருகிறது. அந்த எண்ணை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

பணம் போய்விட்டால்

பணம் அனுப்பிய பிறகே பொய் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ஒவ்வொரு நிமிஷமும் மதிப்புள்ளது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுக்க வேண்டும். உடனே நம் பாங்கிக்குப் போன் செய்து அனுப்பிய தொகையை நிறுத்தக் கோருங்கள். சிங்கப்பூரில் 1799 என்ற நம்பரில் ஸ்கேம்ஷீல்டு உதவித் தொடர்பு உண்டு, 2024-இல் தொடங்கப்பட்டது. மலேசியாவில் 2022-இல் நிறுவப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் நம்பர் 997. பிறகு போலீசில் புகார் எழுதிக் கொடுங்கள். பணம் போகாவிட்டாலும், மலேசியாவில் சைபர்999 என்ற சேவைக்கும், சிங்கப்பூரில் சிங்செர்ட் என்ற பிரிவுக்கும் பொய்யஞ்சலைத் தெரிவிக்கலாம். எங்கே சென்றாலும் அந்த அஞ்சலை அழிக்காமல் முழுத் தலைக்குறிப்போடு எடுத்துச் செல்லுங்கள். உறையில்லாத கடிதம் பாதி சாட்சியம்தான்.

நம் கடையின் பெயரைக் காத்தல்

நம் பெயரிலும் பிறர் எழுதக்கூடும் என்பதை மறக்கலாகாது. கடைக்கென்று சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள், மேலே சொன்ன மூன்று சோதனைகளுக்கும் வேண்டிய பதிவுகள் போடப்பட்டுள்ளனவா என்று, வலைத்தளம் அமைத்துக் கொடுத்தவரிடம் கேளுங்கள். 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் விலாசங்களுக்கு அஞ்சல் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியுள்ளது. சிறிய கடைக்கு அந்தக் கட்டாயம் முழுவதும் இல்லாவிடினும், பயன் ஒன்றே. அஞ்சற்பெட்டிக்கு இரண்டாவது பூட்டாகக் கைத்தொலைபேசி உறுதிமுறையையும் போட்டுக்கொள்ளுங்கள். செட்டிங்ஸ் பகுதியில், நம் அஞ்சல்கள் தாமாகவே வேறெங்கும் போகும்படி யாரேனும் ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்று மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாவியைத் திருடுபவன் முதலில் திறந்து வைக்கும் கொல்லைக்கதவு அதுவே.

கடைசியாக, கடைச் சிப்பந்திகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான்கு வரிகள்:

ஃப்ரம் வரி அனுப்பியவன் எழுதியது. அதை மட்டும் நம்பாதே.

மேலிருந்து முத்திரையைப் படி. நம் நிறுவனம் கண்ட எண்ணைக் குறித்துக்கொள்.

கணக்கு மாறினால் பழைய நம்பரில் கூப்பிடு. குரலைக் கேட்ட பின் பணம் அனுப்பு.

பொய்யஞ்சலை அழிக்காதே, உறையோடு புகார் செய்.

இந்த வாரமே ஓய்வான ஒரு மாலையில், நம்பிக்கையான வியாபாரி ஒருவரின் அஞ்சலையும், குப்பைப் பெட்டியில் கிடக்கும் ஓர் அஞ்சலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து, இரண்டின் முத்திரைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குப்பை அஞ்சலில் உள்ள இணைப்பு எதையும் தொடாமல் தலைக்குறிப்பை மட்டும் பார்ப்பதால் தீங்கில்லை. இரண்டு மூன்று தடவை பார்த்தால் கண் பழகிவிடும். பணம் செலுத்தும் பொறுப்பில் உள்ள சிப்பந்தியையும் அப்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும்படி வணிக அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பொய்யஞ்சல் வரும் நாளில் முதலாளி கடையில் இல்லாமல் இருக்கலாம். அதைத் திறப்பவர் அந்தச் சிப்பந்தியாகவே இருப்பார்.